பென்சில் நுழையும் சந்து

(ராஜபாளையத்தில் பொதுமக்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலுமாக முப்பது வருடங்களுக்கு மேல் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். வீடு கட்ட வருகிறவர்கள் தலைவாசல் எந்தத் திசை என்று கேட்பார்கள். சமையலறை எந்த மூலை என்று கேட்பார்கள். தரைக்குக் கிரானைட்டா, டைல்ஸா என்று ஒரு மாதம் யோசிப்பார்கள். எலி எந்த வழியாக உள்ளே வரும் என்று ஒருவரும் கேட்டதில்லை. பால் காய்ச்சிக் குடிபோய் ஆறு மாதம் கழித்துத்தான் போன் வரும்: “அண்ணாச்சி, எலித் தொல்லை தாங்க முடியல. நல்ல மருந்தா ஒண்ணு சொல்லுங்க.”

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். எலியோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு ஓட்டையோடு சண்டை போடுங்கள். ஒரு எலி செத்தால் இன்னொரு எலி வரும். ஒழுங்காக அடைத்த ஓட்டை பல வருடம் அடைபட்டே இருக்கும்.

என் சிறு வயதில் எங்கள் வீட்டில் கைத்தறி ஓடியது. அப்பா பாவுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்துச் சுருட்டி, பரணில் வைப்பார். ஒரு நாள் காலையில் இறக்கிப் பார்த்தால் ஒரு பக்கம் முழுவதும் இழை இழையாக அறுந்து கிடந்தது. எலிக்கு நூல் வேண்டியதில்லை, கஞ்சிதான் வேண்டும். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து முடிக்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நாலு நாள் ஆனது. அந்த நாலு நாள் கூலி போனது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களுக்கும், பஞ்சுப் பேல் அடுக்கியிருக்கும் ஆலைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கும் இந்த வலியை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் என் தாத்தா வீட்டில் ஒரு குலுக்கை இருந்தது. மண்ணால் வனைந்து, கல் மேல் ஏற்றி, சுவரோடு ஒட்டாமல் நிறுத்தியிருப்பார்கள். மேல் வாயை மூடி மண் பூசிவிடுவார்கள். கீழே தானியம் எடுக்கும் சின்னத் துவாரத்துக்கு இறுக்கமான ஒரு அடைப்பு. அதில் எலி ஏறி நான் பார்த்ததில்லை. ஸ்பெயின் நாட்டின் கலிசியப் பகுதியிலும் தானியக் களஞ்சியத்தைத் தூண் மேல் நிறுத்தி, தூண் தலையில் ஒரு தட்டையான கல்லை அகலமாக வைத்திருக்கிறார்கள். தூணில் ஏறிவரும் எலி அந்தக் கல்லின் அடியில் முட்டித் திரும்பிவிடும். துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் வடத்தில் வட்டத் தகடு மாட்டுவதும் இதே கணக்குதான். தானியத்தைக் காத்த அறிவு நம்மிடம் இருந்தது. சிமென்ட் வீட்டுக்கு வந்தபோது அதைக் குலுக்கையோடு விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

வீட்டுக்குள் வருவது யார் என்று முதலில் தெரிந்துகொள்வோம். எல்லாவற்றையும் எலி என்றே சொல்கிறோம். பரணிலும் ஓட்டுக்கு அடியிலும் ஓடுவது வீட்டெலி. அதன் வால் உடம்பைவிட நீளம். குழாய், கேபிள், கொடிக்கயிறு எதிலும் ஏறும். தென்னை உச்சியில் இளங்காயைக் குடைவதும் இதே இனம்தான். சாக்கடை ஓரத்திலும் அஸ்திவாரத்தின் பக்கத்திலும் மண்ணைத் தோண்டிக் குவிப்பது பெருச்சாளி. பீரோவுக்குப் பின்னாலும் புத்தக அலமாரியிலும் காகிதத்தைக் கிழித்துக் கூடு கட்டுவது சுண்டெலி. நீண்ட மூக்கோடு சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு போகிற மூஞ்சூறு எலி இனமே இல்லை. அது கரப்பானையும் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். அதை அடிக்க வேண்டாம். இரவில் பரணில் ஓசை கேட்டால் எலி. விடிந்த பிறகு ஓசை கேட்டால் அணில்.

எலிக்கும் அணிலுக்கும் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் மட்டும் கடினமான எனாமல், பின்பக்கம் அதைவிட மென்மை. அதனால் கடிக்கக் கடிக்க உளி போலக் கூர்மை ஏறும். நான் தொழில் பழகிய மூத்த கொத்தனார் ஒருவர் அடிக்கடி சொல்வார்: “தம்பி, எலி வயித்துக்கு மட்டும் கடிக்கல, பல்லுக்கும் கடிக்குது.” எத்தனை உண்மை! பிளாஸ்டிக் கொசுவலை, பி.வி.சி. குழாய், மரக்கதவு, ஒயரின் மேலுறை, ஓட்டையில் அடிக்கிற ஃபோம், ஈரம் காயாத கலவை எல்லாம் அதற்குக் கடிபொருள்தான். ஒயரை அது உரித்துவிட்டால் அடுத்தது தீ விபத்து.

அளவு இன்னொரு விஷயம். தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும். வளரும் எலிக்கு 12 மில்லிமீட்டர் போதும். டேப் எடுக்க வேண்டாம், பிள்ளைகளின் பென்சிலை எடுங்கள். பென்சில் நுழையும் சந்தில் சுண்டெலி நுழையும். கட்டைவிரல் நுழையும் ஓட்டையில் பெரிய எலியே நுழையும்.

பாவும் ஒயரும் போனால் பணத்தோடு போகும். உயிர் போன கதை நம் மலைக்கு அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதில் இறந்தார்கள். எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898இல் கண்டு சொன்னார். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் என்ற பெயர் இன்றும் வழங்குவது அந்தக் காலத்தின் தழும்பு. சென்னை மாகாணத்தில் அந்த நோய் விடாப்பிடியாகத் தங்கிய இடங்களில் ஒன்று கம்பம் பள்ளத்தாக்கு. இங்கே நின்று வடமேற்கே பார்த்தால் தெரிகிற மலையைத் தாண்டினால் அந்தப் பள்ளத்தாக்குதான். அங்கே நடந்த பிளேக் விசாரணையைப் பற்றி ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் 1934இல் விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

ஜாவா தீவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பர்மா அரிசி மூட்டைகளோடு அங்கே எலி இறங்கியது, 1911இல் மாலாங் பகுதியில் பிளேக் வெடித்தது. அப்போது ஆண்ட டச்சுக்காரர்கள் வீடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். கூரைக்குப் போட்ட மூங்கிலின் உட்குழிவுக்குள் எலிக் கூடு இருந்தது. மனிதன் படுத்துறங்கும் பாய்க்கு நேர் மேலே எலி குட்டி போட்டு வளர்த்துக்கொண்டிருந்தது. மூங்கிலுக்குப் பதிலாக மரச்சட்டமும் ஓலைக்குப் பதிலாக ஓடும் போடச் சொன்னார்கள். மூங்கில் இருந்த இடங்களில் அதன் முனைகளை அடைக்கச் சொன்னார்கள். 1942 வரை ஏறத்தாழ 15 லட்சம் வீடுகள் இப்படித் திருத்தப்பட்டன. ஆள்கிறவர்களின் அதிகாரத்தால் நடந்த வேலை அது. அதில் மக்கள் பட்ட சிரமமும் உண்டு. ஆனாலும் அது கற்றுக் கொடுத்த பாடம் நமக்கு வேண்டும்: எலிக்கு இடம் கொடுப்பது வீட்டின் அமைப்பு, அமைப்பைத் திருத்தினால் எலிக்கு இடமில்லை.

இன்று நம்மைப் பயமுறுத்துவது பிளேக் இல்லை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரும். எலியோடு திரியும் நுண்ணிய உண்ணிகளால் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் வரும். மலையடிவாரத் தோப்பு வீடுகளில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. எலி இருக்கும் வீட்டைத் தேடிப் பாம்பு வரும். எலிக்கு அடைத்த வீடு பெரும்பாலும் பாம்புக்கும் அடைத்த வீடுதான்.

“அப்படியென்றால் மருந்து வைத்துக் கொன்றுவிடலாமே?” என்று கேட்பீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. ஏன் தடை செய்தார்கள்? அது மனிதனின் கல்லீரலைத் தின்றுவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. வீட்டில் எலிக்கென்று வாங்கி வைத்த பசையை, ஒரு நிமிட ஆத்திரத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளே எடுத்து வாயில் போட்டுக்கொண்ட துயரம் தமிழ்நாடு முழுக்க நடந்திருக்கிறது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியை இரவு முழுவதும் சுவாசித்த இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். எலியை ஒழிக்க நினைத்த வீட்டில் தொட்டில் காலியானது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

நஞ்சு எலியோடு நிற்பதும் இல்லை. மருந்து தின்று தள்ளாடுகிற எலியை ஆந்தை தூக்கும், சாரைப்பாம்பு விழுங்கும், நம் வீட்டுப் பூனையும் நாயும் கவ்வும். எலியைத் தின்று நமக்கு வேலை செய்கிறவர்களை நாமே கொல்கிறோம். எலியை ஒட்டவைத்துப் பிடிக்கும் பசை அட்டையும் அப்படித்தான். அதில் பல்லி ஒட்டும், குருவி ஒட்டும், அணில் குஞ்சு ஒட்டும். ஒட்டியது இரவெல்லாம் துடிக்கும்.

இதை இந்த ஊரில் நின்று பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. உலகத்தில் அணிலுக்கென்று சரணாலயம் வைத்திருக்கும் ஊர்கள் மிகச் சில. நமக்கு அந்தப் பெருமை இருக்கிறது. நரை அணில் என்றும் சாம்பல் நிற மலை அணில் என்றும் நாம் சொல்லும் பிராணிக்காக 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர். 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. செண்பகத்தோப்புப் பக்கம் போனவர்கள் அந்த அணிலைப் பார்த்திருப்பீர்கள். பூனை அளவு உடம்பும் பஞ்சு போன்ற நீண்ட வாலுமாக, கிளைக்குக் கிளை பாய்ந்தே போகும். தரைக்கு இறங்குவது அபூர்வம். இந்தியாவில் தென்னகத்தின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிற உயிர் அது. ஆண்டாளும் பெரியாழ்வாரும் பிறந்த மண் இது. சேதுவுக்கு மணல் சுமந்த அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் நெஞ்சுருகிப் பாடிய மரபு நம்முடையது. அப்படிப்பட்ட ஊரில் அணில் பரணுக்கு வந்துவிட்டது என்று நஞ்சு வைப்பது நமக்கு அழகா?

இனி வேலைக்கு வருவோம். வீட்டைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்.

முதலில் கதவு. கதவுக்கும் தரைக்கும் நடுவில் பென்சில் நுழையக் கூடாது. மரக்கதவின் அடியில் ஒரு அடி உயரத்துக்குத் தகரம் அடியுங்கள். கொல்லைக் கதவுக்குக் கட்டாயம் வேண்டும், எலிக்கு அதுதான் தலைவாசல்.

அடுத்தது தண்ணீர் போகும் வழி. குளியலறை, சமையலறைத் துவாரங்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு ஜாலி போட்டு, அசையாதபடி திருகாணி போடுங்கள். செப்டிக் டாங்க் காற்றுக் குழாயின் தலைக்கு வலை கட்டுங்கள். சாக்கடைத் தொட்டியின் மூடி உடைந்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

மூன்றாவது, சுவரைத் துளைத்துப் போகிற எல்லாம். கேஸ் குழாய், ஏ.சி. குழாய், மோட்டார் ஒயர், டிவி கேபிள். அரை அங்குலக் குழாய்க்கு இரண்டு அங்குலத் துளை போட்டுவிட்டு ஆள் போய்விடுவார். மீதி ஒன்றரை அங்குலம் எலிக்கு. பாத்திரம் தேய்க்கும் எஃகுக் கம்பி நாரை அந்தச் சந்தில் இறுக்கித் திணித்து, மேலே சிமென்ட் கலவை பூசுங்கள். கம்பி நார் பல்லில் சிக்கும், எலி விட்டுவிடும். கண்ணாடிச் சில்லு கலந்து பூசுகிற பழைய வழக்கமும் நல்லதே. பூசிய இடம் இறுகும்வரை ஒரு தகட்டை வைத்து மறைத்துவிடுங்கள்.

பெருச்சாளி குடைகிற வீட்டுக்கு அஸ்திவாரத்தை ஒட்டி ஒரு அடி ஆழம் பள்ளம் எடுத்து, இரும்பு வலையைச் சுவரோடு இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக ஒரு அடி மடக்கிப் புதையுங்கள். தோண்டி வருகிற பெருச்சாளி வலையில் முட்டும். சுற்றிப் போகும் புத்தி அதற்கு வராது.

பிறகு மேலே. வெண்டிலேட்டருக்குப் பிளாஸ்டிக் கொசுவலை போதாது. துத்தநாகம் பூசிய கம்பி வலை, கால் அங்குலக் கண், அதுதான் வேண்டும். கொசுவுக்கு உள்பக்கம் வேறு வலை அடித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் பெரிய குறை சாய்ப்பில்தான் இருக்கிறது. மங்களூர் ஓடோ, சிமென்ட் சீட்டோ, தகர சீட்டோ எதுவானாலும், சுவரின் தலைக்கும் கூரைக்கும் நடுவில் அலை அலையாக ஒரு சந்து வரிசை இருக்கும். ஒவ்வொரு அலையும் ஒரு வாசல். அந்த வரிசை முழுவதையும் கம்பி வலையால் அடைத்துக் கலவை பூசுங்கள். காற்றுக்கு வழி வேண்டுமென்றால் வலை மட்டும் போதும்.

கூரைக்கு வரும் பாலங்களை அறுங்கள். எலியும் அணிலும் மாமரக் கிளையிலிருந்தும் தென்னை மட்டையிலிருந்தும் மொட்டைமாடிக்குத் தாவும். மரத்தை வெட்ட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு ஆறேழு அடி தூரத்துக்குள் வருகிற கிளையையும் மட்டையையும் மட்டும் கழித்தால் போதும். தென்னந்தண்டில் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, ஒன்றே கால் அடி அகலத் தகரத்தைச் சுற்றிக் கட்டினால் எலிக்கு நகம் பிடிக்காது. பக்கத்து மரம் தலையில் தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் கட்டிப் பயனில்லை, அதையும் பாருங்கள்.

கடைசியாக, வீட்டின் உள்ளே. அரிசியையும் பருப்பையும் மூடி இறுகும் எவர்சில்வர் டின்னில் போடுங்கள். மூட்டையைத் தரையில் கிடத்தாமல் கட்டை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். நாய் வளர்க்கும் ஊர் நம் ஊர். ராஜபாளையம் நாய் என்றால் ஊர் ஊராகப் பேசுகிறார்கள். அந்த நாய்க்கு வைத்த சோற்றின் மீதியை இரவில் வெளியே விட்டால் எலிக்குப் பந்தி வைத்ததாகும். எச்சில் பாத்திரத்தைக் கழுவாமல் வைப்பதும் அப்படியே.

ஓட்டையை அடைப்பதற்கு ஒரு முறை உண்டு. அவசரப்பட்டு அடைக்கக் கூடாது. முதலில் சலித்த சாம்பலை ஓட்டையின் முன்னால் தூவி வையுங்கள், காலையில் காலடி சொல்லும். பிறகு ஒரு காகிதத்தைக் கசக்கி ஓட்டையில் லேசாகச் செருகுங்கள். மூன்று இரவும் மூன்று பகலும் காகிதம் அசையாமல் இருந்தால் உள்ளே உயிர் இல்லை என்று பொருள். அதன்பின் அடைக்கலாம். வழிகளை எல்லாம் அடைத்த பிறகும் வீட்டுக்குள் தங்கிப்போன ஒன்றிரண்டு எலிக்குச் சுவரோரமாகப் பொறி வையுங்கள், சுட்ட தேங்காய்ச் சில்லு போதும். எலி புது சாமானைக் கண்டால் சில நாள் ஒதுங்கும், பொறுமையாக இருங்கள். புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, துணியால் துடையுங்கள்.

அணிலுக்கு இதைவிடக் கவனம் வேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, செய்த தவறால் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுச் சாய்ப்பில் அணில் ஓட்டை ஒன்றைப் பட்டப்பகலில் அடைத்தேன். அணில் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் அடைத்தேன். சரியாகச் செய்தோம் என்ற திருப்தியோடு இறங்கினேன். மறுநாள் பூச்சு வேலைக்குப் போனபோது அந்த இடத்தில் தாய் அணில் கலவையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. நான் ஏணி வைத்தும் ஓடவில்லை. உடைத்துப் பார்த்தேன். தேங்காய் நாரும் பஞ்சும் நூலும் சேர்த்துக் கட்டிய கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்தன. இரண்டு அசையவில்லை. மூன்றாவதைத் தாய் வாயில் கவ்விக்கொண்டு போனது. அந்தக் கூட்டில் இருந்த நூல் ஏதோ ஒரு தறியிலிருந்து வந்த நூல்.

அன்றிலிருந்து உள்ளே கைவிளக்கு அடித்துப் பார்க்காமல் ஒரு ஓட்டையையும் நான் அடைத்ததில்லை. குஞ்சு இருந்தால் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள், அவை தானே வெளியேறிவிடும். பிறகு பகலில் அணில் மேயப் போன பின் அடைத்துவிடுங்கள். அது வீட்டுக்கும் நல்லது, அணிலுக்கும் நல்லது. அணில் மரத்துக்குப் போய்க் கூடு கட்டிக்கொள்ளும். நாம் மரத்தை விட்டுவைத்திருந்தால்.

இன்னும் ஒன்று. நம் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்தான் அதிகம். நான் மட்டும் அடைத்தால் எலி பக்கத்து வீட்டு அக்கா வீட்டுக்குப் போகும். ஆகவே தெருவாகச் சேர்ந்து செய்யுங்கள். கொத்தனாரை ஒரு நாள் வரவழைத்தால் பத்து வீட்டுக்குச் சேர்த்துச் செய்துவிடலாம். கம்பி வலைச் சுருளைச் சேர்ந்து வாங்கலாம். குப்பையும் சாக்கடை மூடியும் நகராட்சியின் பொறுப்பு, அதைத் தெருவே சேர்ந்து கேட்டால் கேட்பார்கள். வீடு கட்டப்போகிறவர்கள் முதல் நாளே மேஸ்திரியிடம் கேளுங்கள்: “எலி எந்த வழியா வரும்?” அந்தக் கேள்விக்காக முப்பது வருடம் காத்திருந்தவன் நான்.

மலையில் அணிலுக்கு ஓர் எல்லை வகுத்து, இதற்குள் மனிதன் வந்து அதைத் தொல்லை செய்யக் கூடாது என்று சொன்னோம். வீட்டுக்கும் அப்படி ஓர் எல்லை வேண்டும். அந்த எல்லையைக் கம்பி வலையாலும் கலவையாலும் ஒழுங்காகக் கட்டிவிட்டால் நஞ்சு வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் ஒரு டார்ச் விளக்கும் ஒரு பென்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். பென்சில் நுழைகிற இடத்தில் எல்லாம் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள். விடிந்ததும் அந்தப் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். வேலை எங்கே தொடங்க வேண்டும் என்று அவையே சொல்லும்.